மகமை, பிடியரிசி, களஞ்சியம்: திருச்சுழி வட்டாரத்தில் பொதுப்பணி அமைப்புகளின் தனி வலு

லாப நோக்கில்லாத அமைப்புகளுக்கும் போட்டி உண்டு. நன்கொடையும் மானியமும் யாருக்குப் போய்ச் சேரும், ஊர்க்காரர்கள் யார் கூப்பிட்டால் கூட்டத்துக்கு வருவார்கள், யாரை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்பதில் எல்லாம் ஓர் அமைப்பு இன்னோர் அமைப்போடும், சமயத்தில் அரசோடும் வட்டிக்காரரோடும் மோத வேண்டியிருக்கிறது. ஒரு மளிகைக் கடையின் போட்டி அனுகூலத்தை அளப்பது எளிது: அதே சரக்கைக் குறைந்த விலைக்குத் தருகிறதா, அல்லது வேறெங்கும் கிடைக்காத சரக்கை வைத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1985-இல் வெளியிட்ட நூலில் வணிக நிறுவனங்களுக்கு வகுத்த இலக்கணமும் ஏறத்தாழ இதுதான். பள்ளி நடத்தும் சங்கத்துக்கும் கண்மாய் மராமத்துச் சங்கத்துக்கும் இந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது. அங்கே பணம் தருபவர் ஒருவர், பலன் பெறுபவர் வேறொருவர். பலன் பெறுபவருக்குத் திருப்தி இல்லாவிட்டாலும் பணம் தருபவருக்கு அது தெரியாமலே போகலாம். ஆகவே இத்தகைய அமைப்பின் வலுவை வேறு வகையில் தேட வேண்டும். மற்றவர்களால் செய்ய முடியாத எதை அது செய்தது, அந்தத் திறன் எங்கிருந்து வந்தது, எத்தனை காலம் நின்றது என்று வரலாற்றில் பார்ப்பதே அதற்கு வழி.

திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் அப்படிப் பார்ப்பதற்கு ஏற்ற இடம். இது வானம் பார்த்த பூமி. ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். திருச்சுழியை ஒட்டி ஓடும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். கரிசலில் பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, மல்லி. கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல். அதிகாரத்தின் இருக்கை எப்போதும் தள்ளியே இருந்தது. சேதுபதிகள் ராமநாதபுரத்தில் இருந்தார்கள். 1803-இல் நிலையான தீர்வை ஏற்பட்டபின் ஜமீனாக நீடித்தபோதும் அதுவே தலைமையிடம். ஆங்கிலேய கலெக்டர் மதுரையில் இருந்தார். ராமநாதபுரம் தனி மாவட்டமானதே 1910-இல்தான். இந்தப் பகுதி காமராஜர் மாவட்டம் என்ற பெயரில் பிரிந்தது 1985-இல். விருதுநகர் மாவட்டம் என்ற பெயர் பின்னர் வந்தது. மழையும் அரசும் இப்படித் தூரத்தில் இருந்த ஊர்களில், பொதுக்காரியங்களுக்கு ஊரார் தாமே ஏதாவது ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

அவற்றில் மிகப் பழைய சான்று கோயில்களில் கிடைக்கிறது. தேவாரம் பாடப்பெற்ற பாண்டிய நாட்டுத் தலங்கள் 14-இல் ஒன்று திருச்சுழியல், அதாவது இன்றைய திருச்சுழி. அதை அடுத்துள்ள பள்ளிமடத்தில் சுந்தரபாண்டிய ஈசுவரம் என்ற பள்ளிப்படைக் கோயில் எழுந்தது. இப்பகுதியின் முற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு ஆடு விட்ட செய்திகள் உண்டு. விளக்கு எரிக்க ஆசைப்பட்டவர் நெய் வாங்கித் தருவதில்லை. 'சாவா மூவாப் பேராடு' என்று கணக்கிட்டு ஒரு மந்தையைக் கொடுப்பார். பாண்டிய நாட்டில் ஒரு விளக்குக்கு 50 ஆடு என்பது பரவலான கணக்கு. சோழ நாட்டில் 90, 96 என்று வரும். மந்தையைப் பொறுப்பேற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் என்பதுபோல் அளந்துவிட வேண்டும். ஆடு செத்தாலும் குட்டி அந்த இடத்துக்கு வரும். எண்ணிக்கை குறையக் கூடாது. மிஞ்சிய குட்டியும் பாலும் எருவும் இடையருக்கு. முதல் அழியாமல் பலன் மட்டும் செலவாகும் நிதி இது.

அன்றைய கொடையாளருக்குக் கோயிலைத் தவிர வேறு வழிகளும் இருந்தன. ஆயினும் ஆட்டுக் கொடை கோயிலுக்கே வந்து குவிந்ததற்குக் காரணம் பக்தி மட்டும் அன்று. கொடுத்தவர் செத்த பிறகும் கணக்குக் கேட்க ஆள் இருக்கும் என்ற உறுதியைக் கோயில் தந்தது. கல்லில் வெட்டிய ஆவணமும், பன்மாகேசுவரர் என்ற சிவனடியார் குழுவின் காவலும், பொறுப்பேற்றவர் பெயரைச் சொல்லிக் கேட்கும் ஊர்ச் சபையும் ஒரு தனிமனிதரிடமோ ஒரு குடும்பத்திடமோ இல்லை. வணிகர்களும் இதையே நாடினர். பிரான்மலைக் கோயிலில் உள்ள 13-ஆம் நூற்றாண்டை ஒட்டிய கல்வெட்டில், ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் தாங்கள் விற்கும் சரக்கு ஒவ்வொன்றின்மேலும் கோயிலுக்கு இவ்வளவு என்று பட்டியலிட்டு விட்டுக்கொடுத்தனர். பிற்கால வணிகர்கள் சரக்கின்மேல் பொதுநிதியாக வசூலித்த மகமையின் முன்னோடி என்று இதைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

கண்மாய் பராமரிப்பு வேறு வகையான ஏற்பாடு. மழைக்கு முன் வரத்துக்கால் வெட்டுவது, கரையில் உடைப்பை அடைப்பது, மடை, கலுங்கைப் பார்த்துச் செப்பனிடுவது ஆகியவற்றுக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்று இறங்கும் வழக்கம் குடிமராமத்து. தண்ணீர் பங்கிடும் நீர்பாய்ச்சிக்குக் களத்துமேட்டில் நெல் அளந்தார்கள். மீன்பாசிக் குத்தகையும் கருவேல மர ஏலமும் பொதுப்பணத்துக்கு வரவாயின. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர், யார் கடைமடைக்காரர், யார் இரவில் மடையைத் திருட்டுத்தனமாகத் திறப்பார் என்பதெல்லாம் ஊராருக்குத்தான் தெரியும். ராமநாதபுரத்து ஜமீன் கச்சேரிக்கு இது தெரிய வழியில்லை. அதே சமயம் இந்த ஏற்பாட்டின் உழைப்பில் ஒரு பங்கு தாழ்த்தப்பட்ட குடிகளிடம் கட்டாயமாக வாங்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1858-இல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து, வழக்கமாகச் செய்ய வேண்டிய மராமத்தைச் செய்யாதவரைத் தண்டிக்க அதிகாரம் எடுத்துக்கொண்டது. ஊர்க் கட்டுப்பாடு தானாக இயங்கிக்கொண்டிருந்தால் அந்தச் சட்டத்துக்குத் தேவையே வந்திராது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் நிறைவேறியபின், 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் பொதுப்பணித் துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. மீன்பாசி வரவும் அவற்றோடு போனது. வரவில்லாத ஊர்க்கூட்டம் மெல்லக் கலைந்ததில் வியப்பில்லை.

19-ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்துக்கு ஒரு புதிய அமைப்பு வந்தது. அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் தொடங்கி, அடுத்த சில பத்தாண்டுகளில் திருச்சுழிக்குத் தெற்கே மண்டபசாலையில் ஒரு நிலையம் அமைத்தது. பள்ளி, மருந்து, அச்சிட்ட புத்தகம், வெளிநாட்டுப் பணம் என அதனிடம் இருந்தவை உள்ளூரில் யாரிடமும் இல்லாதவை. எல்லாவற்றையும்விட ஆங்கிலம் இருந்தது; ஆங்கிலம் இருந்தால் கச்சேரி வேலை கிடைக்கும். திருச்சுழி வக்கீல் சுந்தரம் ஐயரின் மகன் வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, 1879-இல் இவ்வூரில் பிறந்து உள்ளூர்ப் பள்ளியில் தொடங்கியவர், கடைசியாகப் படித்தது மதுரையில் அந்த மிஷனின் உயர்நிலைப் பள்ளியில்தான். வைதிகக் குடும்பங்களே பிள்ளைகளை அனுப்பினார்கள் என்றால் மிஷன் பள்ளியின் ஈர்ப்பு எத்தகையது என்பது விளங்கும். ஆனால் அதன் வலு முழுவதும் கடல் கடந்த இடத்திலிருந்து வந்தது. பணம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது பாஸ்டனில் முடிவாயிற்று. மதம் மாற்றிவிடுவார்களோ என்ற ஐயமும் எப்போதும் கூடவே இருந்தது. 1854-இன் கல்வி அறிக்கைக்குப் பிறகு அரசின் மானியம் தனியார் பள்ளி எதற்கும் கிடைக்கலாம் என்றான பின், உள்ளூரில் நிலையான வரவு வைத்திருந்த எவரும் மிஷனோடு போட்டியிட வழி பிறந்தது.

அந்த வரவு நாடார் வணிகர்களிடம் இருந்தது. பாளையக்காரர் போர்கள் 1801-இல் ஓய்ந்து சாலைகளில் ஓரளவு அமைதி வந்தபின், தெற்கிலிருந்து கருப்பட்டி, உப்பு, கருவாடு ஏற்றிய மாட்டுவண்டிகள் கரிசல் ஊர்களை நோக்கி நகர்ந்தன. வண்டியும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்க மதில் சூழ்ந்த பேட்டைகள் எழுந்தன. சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்கள் இந்த வணிகத்தின் மையங்களாயின. அவற்றில் பின் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியவை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861 முதல் 1865 வரை, இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி நின்றதால் கரிசல் பருத்திக்கு வந்த விலை இவ்வூர்களின் கையில் காசைப் புரளவிட்டது. 1876-இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடியதும் விருதுபட்டி பெருஞ்சந்தை ஆயிற்று.

பேட்டைக்குள் வண்டி நுழைந்தால் இடத்துக்கு ஒரு கட்டணம். சரக்கு எடைபோட்டுக் கைமாறும்போது மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை. தொகை சிறியது, வாங்குபவரும் விற்பவரும் விலை பேசும்போது அதைப் பொருட்படுத்துவதில்லை. வணிகரின் பேரேட்டில் அது அவருடைய பணமாக ஏறாது. பொதுப்பணமாகத் தனியே பற்றுவரவு எழுதிவைத்து உறவின்முறையிடம் செலுத்துவார். உறவின்முறை என்பது ஊரில் உள்ள அச்சமூகக் குடும்பத் தலைவர்கள் எல்லாரும் சேர்ந்த சபை. நிர்வாகம் பார்க்கும் முறைகாரர்கள் முறைவைத்து மாறினார்கள். இன்று கணக்கு எழுதுபவர் நாளை கணக்குக் கேட்பவர் வரிசையில் உட்கார வேண்டியிருக்கும் என்பதால், தணிக்கைக்கு வெளியாள் தேவைப்படவில்லை. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நாடார் வரலாற்று நூல் இந்த ஏற்பாட்டை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது.

மகமை தருமமா வரியா என்றால் இரண்டுக்கும் நடுவே எங்கோ இருந்தது. கொடுக்க மறுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் போகமாட்டார்கள், சாவுக்குத் தோள் கொடுக்கமாட்டார்கள், பேட்டையில் அவர் சரக்கை இறக்க இடம் கிடைக்காது. கொடுத்தவருக்கோ கடன் தகராறு, பாகத் தகராறு எல்லாம் நீதிமன்றம் போகாமலே தீரும். ஊருக்குப் புதிதாக வரும் சகோதர வணிகர் யாரை நம்பலாம் என்பதற்கு உறவின்முறையின் சொல்லே உத்தரவாதம். வசூல் செலவு கிட்டத்தட்ட இல்லை. நன்கொடை கேட்டு ஆள் அனுப்ப வேண்டியதில்லை, கொடையாளரைப் புகழ்ந்து கல் நடவும் வேண்டியதில்லை. வணிகம் வளர்ந்தால் பொதுநிதி தானாக வளரும். மிஷனிடமும் ஜமீனிடமும் அரசிடமும் இல்லாத அனுகூலம் இதுதான்.

முதலில் அந்த நிதி எங்கே போனது என்பதையும் பார்க்க வேண்டும். திருச்சுழிக்குத் தென்கிழக்கே கமுதியில், மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் 1897-இல் நுழைந்தனர். பரம்பரை அறங்காவலரான பாஸ்கர சேதுபதியின் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. கீழ்க்கோர்ட்டிலிருந்து சென்னை உயர்நீதிமன்றம், அங்கிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் என்று வழக்கு ஏறி, 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில் 1899-இல் சிவகாசிக் கலவரம் வேறு. ஒரு சிற்றூரின் கோயில் வழக்கை லண்டன்வரை கொண்டுபோகும் அளவுக்குக் கூட்டுநிதி வைத்திருந்த சமூகம் அன்றைய தென்மாவட்டங்களில் அரிது. ஆனாலும் வழக்கில் கொட்டிய காசால் கோயில் கதவு திறக்கவில்லை. அதற்கு 1939-இன் ஆலயப் பிரவேசச் சட்டம் வரவேண்டியிருந்தது. பள்ளியில் போட்ட பணம் இதற்குள் பலன் காட்டத் தொடங்கியிருந்தது.

விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை 1889-இல் தொடங்கியது. மகமை வணிகர்களின் பங்கு என்றால், பள்ளிக்கு வீடுகளின் பங்கு பிடியரிசி. உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட வேண்டும். கலயத்தில் சேர்ந்ததைப் பள்ளி ஆட்கள் வீடு வீடாக வந்து வாங்கிப்போய் விற்றுக் காசாக்குவார்கள். வணிகம் இல்லாத ஏழை வீடும் பள்ளிக்குப் பங்குதாரர் ஆவதற்கு இது வழி செய்தது. அளவில் மகமையோடு ஒப்பிட முடியாத வரவு. விளைவில் அப்படி அல்ல. நாள்தோறும் அரிசி எடுத்துவைக்கிற பெண் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது கடினம். வாத்தியார் ஒழுங்காக வருகிறாரா என்று கேட்கும் உரிமையும் அந்தப் பிடியோடு வந்தது. 1903-இல் பிறந்த காமராஜர் அந்தப் பள்ளியில் படித்தவர். தன் படிப்புக்கு ஊர் கொடுத்த பிடியரிசி அவர் பின்னாளில் எடுத்த முடிவுகளில் எவ்வளவு வேலை செய்தது என்று அறுதியிட முடியாது. ஆனால் 1956-இல் அவருடைய அரசு தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தைப் பேசும்போது விருதுநகர்க்காரர்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

ஆறு ஊர்களில் நடந்ததை மற்ற ஊர்களும் பார்த்தன. 1910-இல் நாடார் மகாஜன சங்கம் உருவாயிற்று. 1921-இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-இல் வந்தது. அருப்புக்கோட்டையில் சைவ பானு க்ஷத்திரிய பள்ளிகளைத் தொடர்ந்து அதே பெயரில் கல்லூரியும், நெசவுத் தொழிலில் வேரூன்றிய தேவாங்கர் சமூகத்தின் தேவாங்கர் கலைக் கல்லூரியும் 1970-ஐ ஒட்டித் திறந்தன. ஒரு சிறிய நெசவு நகரத்துக்கு ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு கல்லூரிகள் எழுந்தது தேவையைக் கணக்கிட்டு நடந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் கட்டினால் நாம் கட்டாமல் இருப்பதா என்ற மானப்போட்டிக்கு அதில் பங்கு உண்டு. பலன் என்னவோ சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு, சாதி எதுவாயினும், மதுரைக்குப் போகாமலே பட்டம் கிடைத்தது.

இந்த அமைப்புகளின் வலுவுக்கு விலையும் இருந்தது. கல்யாணத்துக்கு வரமாட்டோம் என்று மிரட்ட, முதலில் கல்யாண உறவு உள்ளவர்களாக இருக்க வேண்டும். ஆகவே மகமையின் கட்டுப்பாடு சாதிக்கு வெளியே செல்லாது. வெளியாரின் பிள்ளை பள்ளியில் படிக்கலாம், கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம். கணக்குக் கேட்கும் சபையில் உட்கார முடியாது. பிடியரிசி எடுத்துவைத்த பெண்களும் அந்தச் சபையில் இல்லை. விற்கச் சரக்கே இல்லாத கூலிக்காரச் சாதிகள் இதைப் பார்த்துத் தாமும் ஒரு மகமை வைத்துக்கொள்ள முடியாது. மூட்டை இருந்தால்தானே மூட்டைக்கு இவ்வளவு. அருப்புக்கோட்டைப் பேட்டையின் செல்வம் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் இடைப்பட்ட கண்மாய்க் கிராமங்களை எட்டாமல் நின்றதற்கு இது முக்கியக் காரணம்.

சுதந்திரத்துக்குப் பின் அரசு இந்த இடைவெளியை நிரப்பப் புகுந்தது. பள்ளிக் கட்டடம், வாத்தியார் சம்பளம், மதிய உணவு ஆகியவை பட்டியலிட்டு ஆணை போடக்கூடியவை; அரசால் அவற்றை எடுத்துக்கொள்ள முடிந்தது, அதுவும் எந்த உறவின்முறையாலும் நினைத்துப் பார்க்க முடியாத அளவில். 1982-இல் எம்.ஜி.ஆர். மதிய உணவைச் சத்துணவாக விரித்தார். 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. கலயத்து அரிசி இனித் தேவையில்லை. ஆனால் அதோடு சேர்ந்திருந்த, வாத்தியாரைக் கேள்வி கேட்கும் உரிமையை ஆணை போட்டுக் கொண்டுவருவது எளிதாக இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் முதல் பள்ளி மேலாண்மைக் குழுவரை அரசு திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருப்பது அதைத்தான்.

1980-களின் பிற்பகுதியில் இந்த வறண்ட ஊர்களுக்கு இன்னொரு வகை அமைப்பு வந்தது. சாதிச் சபையும் அல்ல, மதமும் அல்ல; பதிவு செய்யப்பட்ட தொண்டு நிறுவனம், படித்த இளைஞர்கள், பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடை. அன்றைய காமராஜர் மாவட்டத்தில் வேலை செய்த 'ஸ்பீச்' அவற்றில் குறிப்பிடத்தக்கது. இவர்களிடம் மகமையும் இல்லை, ஊரில் உறவும் இல்லை. ஊரார் ஏன் இவர்களை உள்ளே விட வேண்டும் என்ற கேள்விக்கு இவர்கள் கண்ட விடை, கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை. ஊர்ப் பொதுவிடத்தில் கோலமாவும் செங்கல் பொடியும் கொண்டு ஊரின் படத்தை ஊராரையே தரையில் வரையச் சொல்வார்கள். கண்மாய், வரத்துக்கால், மேய்ச்சல் தரை, எந்தத் தெருவில் யார் வீடு எல்லாம் அதில் வரும். எந்த மாதம் வேலை கிடைக்கும், எந்த மாதம் கடன் வாங்க நேரும் என்பதைப் புளியங்கொட்டை குவித்துக் காட்டுவார்கள். ஒருவர் தவறான இடத்தில் கிணற்றைப் போட்டால் பக்கத்தில் நிற்பவர் குச்சியை வாங்கித் திருத்துவார். பங்கேற்பு கிராம மதிப்பீடு என்று உலகம் முழுவதும் பரவிய இந்த முறையைத் தொடக்கத்திலேயே கையாண்ட இந்திய அமைப்புகளில் ஸ்பீச் ஒன்று. 1991-இல் லண்டனிலிருந்து வந்த 'ஆர்.ஆர்.ஏ. நோட்ஸ்' இதழில் அதன் ஊழியர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினர்.

நன்கொடையாளர் சந்தையில் இந்த முறை பெரிய அனுகூலமாக இருந்தது, சில ஆண்டுகளே. பயிற்சிக் கையேடு அச்சானதும் எல்லா அமைப்புகளும் அதைச் செய்தன. பிறகு அரசுத் துறைகளும் நீர்வடிப்பகுதித் திட்டங்களில் அதைக் கட்டாயமாக்கின. கோலமாவுப் படம் கோப்பில் சேர்க்க வேண்டிய ஒரு தாள் ஆகிவிட்டது. வணிக நிறுவனம் தன் உத்தியை மற்றவர் நகலெடுத்தால் நஷ்டம் என்று கணக்கிடும். சமூக மாற்றம் வேண்டும் அமைப்பு அதை வெற்றி என்றே கொள்ள வேண்டும். ஆயினும் அடுத்த ஆண்டுச் சம்பளத்துக்கு அந்த வெற்றி உதவாது. தொண்டு நிறுவனங்களின் நிலையில்லாமைக்கு இந்த முரண் ஒரு பெரிய காரணம். இதை வெளிப்படையாகப் பேசும் ஆண்டறிக்கைகள் குறைவு.

மதுரையில் தோன்றிய களஞ்சியம் வேறு வழியில் போனது. 'பிரதான்' அமைப்பின் கீழ் 1990-இல் மதுரையை அடுத்த அலங்காநல்லூர்ப் பகுதியில் பெண்களின் சேமிப்புக் குழுக்களாகத் தொடங்கியது அது. 1997 அக்டோபர் 2 அன்று தானம் அறக்கட்டளை தனியே உருவானதும் அதன் முதன்மைத் திட்டமாயிற்று. எம்.பி. வாசிமலை தலைமை ஏற்றார். குழு, அதற்கு மேல் தொகுப்பு, அதற்கும் மேல் வட்டாரக் களஞ்சியம் என்று அடுக்கு. பெண்கள் மாதந்தோறும் போடும் சேமிப்பிலிருந்து கடன் கொடுத்து, வட்டியைக் குழுவிலேயே வைத்துக்கொள்வார்கள். தென்மாவட்டக் கிராமத்தில் அஞ்சு வட்டி, பத்து வட்டி என்பது அன்றாடப் பேச்சு. அதாவது மாதம் நூற்றுக்கு ஐந்து, பத்து. குழுவின் வட்டி அதைவிடக் குறைவு. அந்த வட்டியும் வெளியே போகாது. யார் வீட்டில் மெய்யாகவே நோய், யார் பொய் சொல்கிறார் என்பது பக்கத்துவீட்டுக்காரிக்குத் தெரியும். அடகு கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது இதனால்தான். உறவின்முறையின் பலம் எது என்று பார்த்தோமோ அதேதான் இங்கும். உறவுக்குப் பதில் தெரு, மூட்டைக்குப் பதில் கூலியிலிருந்து மிச்சம் பிடித்த சில ரூபாய். ஊழியர் சம்பளத்தின் ஒரு பகுதியையாவது உறுப்பினர்களே ஏற்க வேண்டும் என்ற வற்புறுத்தலும் இந்த வகை அமைப்பில் முக்கியமானது. யார் சம்பளம் கொடுக்கிறாரோ அவரிடம்தானே பதில் சொல்ல வேண்டும்.

1992-இல் தானத்தின் முன்னோடிகள் கண்மாய்ப் பக்கமும் திரும்பினர். வயலகம் என்ற பெயரில் ஆயக்கட்டு விவசாயிகளைச் சங்கமாக்கி, மராமத்துச் செலவில் ஒரு பங்கை அவர்களே தருவது, ஒரு தொகையை வங்கியில் முதலாகப் போட்டு வட்டியில் பராமரிப்பை நடத்துவது என்று ஏற்பாடு. பள்ளிமடத்து ஆட்டு மந்தையைப் படித்தவர்கள் இதை வகுத்தார்களா என்பது வேறு. மந்தையின் கணக்கும் இந்த வைப்புநிதியின் கணக்கும் ஒன்றுதான். ஒரு கண்மாயைத் தனியே சீர் செய்தால் பயன் குறைவு, மேலே உள்ள கண்மாயின் கலுங்கு வழிந்துதான் கீழ்க்கண்மாய் நிறையும் என்பதால், சங்கிலித்தொடராகக் கண்மாய்களை எடுத்துக்கொண்டது இதில் புதுமை. இதைப் பொறியாளர்கள் அறியாதவர்கள் அல்லர். துறை எல்லைகள் கண்மாய்ச் சங்கிலியைத் துண்டாக்கியிருந்தன. எல்லை இல்லாத அமைப்பு அதைச் சேர்த்துப் பார்க்க முடிந்தது.

குழுச் சேமிப்பும் விரைவில் நகலாயிற்று. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய அரசின் பெண்கள் குழுத் திட்டம், 1990-களின் இறுதியில் மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவியது. 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியிருந்தது. முதலில் தொண்டு நிறுவனங்கள் அரசின் கூட்டாளிகளாகக் குழு அமைத்தன. 2005-இல் புதுவாழ்வுத் திட்டம் வந்தபின் அரசே கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் வழியாக நேரடியாக இறங்கியது. ஊருக்கு ஒரு குழு போய், ஒரே பெண் மூன்று குழுக்களில் உறுப்பினராக இருக்கும் நிலை வந்தது. அடுத்து நுண்கடன் கம்பெனிகள் வாரத் தவணையோடு வாசலுக்கே வந்தன. கூட்டம் இல்லை, சேமிப்புப் பாடம் இல்லை, கேட்ட மறுநாள் பணம். வேகத்தில் எந்தக் களஞ்சியமும் அவற்றோடு போட்டியிட முடியாது. தவணை தவறியபோது வாசலில் நடப்பதில்தான் வேறுபாடு தெரிந்தது. 2010-இல் ஆந்திராவில் நுண்கடன் நெருக்கடி வெடித்து அவசரச் சட்டம் வரவேண்டியிருந்தது.

பண வரவின் வழிகளும் இதற்குள் மாறிவிட்டன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம், ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடுத்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆக்கியது. பெரிய அமைப்பின் வழியாகப் பணம் பெற்றுவந்த கிராமத்துச் சிறு அமைப்புகளை இது நேரடியாகத் தாக்கியது. மறுபக்கம், 2013-இன் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்கச் சொன்னது. 2018-இல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற இரண்டு, விருதுநகரும் ராமநாதபுரமும். சமூகப் பொறுப்புப் பணத்தைத் தருபவர்கள் ஆண்டு முடிவதற்குள் படத்தோடு காட்டக்கூடிய வேலையை விரும்புகிறார்கள். கரை பலப்படுத்துவதைப் படம் எடுக்கலாம். கடைமடைக்காரருக்கும் தலைமடைக்காரருக்கும் இடையே பத்து ஆண்டாக இருந்த வழக்கைப் பேசித் தீர்த்ததைப் படம் எடுக்க முடியாது.

2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. டெண்டர் இல்லாமல் ஆயக்கட்டுதாரர் சங்கமே வேலையை எடுத்துச் செய்ய அதில் இடம் இருந்தது. மதிப்பீட்டில் 10 விழுக்காட்டைச் சங்கம் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டியிருந்தது. சீமைக்கருவேலம் அகற்றுவது, வண்டல் எடுப்பது, மடை சீரமைப்பது எல்லாம் இதில் அடங்கின. சங்கம் முன்பே உயிரோடு இருந்த கண்மாய்களில் கணக்கு ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. வேலை ஆணைக்காகவே பதிவான சங்கங்களில் அந்த 10 விழுக்காட்டைத் தந்தவர் பெரும்பாலும் பின்னால் நின்ற ஒப்பந்ததாரர்தான் என்ற புகார் பல மாவட்டங்களிலும் எழுந்தது. அத்தகைய சங்கத்துக்கு மீன்பாசிக் குத்தகையில் பங்கும் இல்லை, வண்டல் எடுத்த மறு ஆண்டு வரத்துக்கால் அடைத்துக்கொண்டால் வெட்ட ஆள் கூப்பிடும் வழக்கமும் இல்லை. கண்மாய்க்குள் அகற்றிய சீமைக்கருவேலம் இரண்டு மழைக்குள் திரும்ப முளைத்து, கரிமூட்டம் போடுபவர்களுக்கு ஏலம் போகிறது. ஏலத்தொகை ஊராட்சிக் கணக்கில் ஏறுகிறது.